தெருவின் அகலமும் வண்டியின் அகலமும்

ஸ்ரீவராகத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்

இந்தியாவில் இன்று விற்கும் புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, எஸ்யூவி, எம்பிவி போன்ற பெரிய உருவ வண்டிகள். 2013-14 நிதியாண்டில் நாட்டில் விற்பனையான சுமார் 25 லட்சம் பயணியர் கார்களில் இவ்வகைக்கு ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. 2024-25இல் மொத்த விற்பனை 43 லட்சம்; அதில் இவ்வகை ஏறத்தாழ 28 லட்சம், அதாவது 65 சதவீதம். உலகப் போக்கும் இதுவே. பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2023இல் உலகெங்கும் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்யூவி.

வண்டிகள் வளர்ந்த இந்தக் காலத்தில் தெருக்கள் வளரவில்லை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் போன்ற பகுதிகளில் அவை வளரவும் வழியில்லை. லட்சுமி வராகர் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் ஒட்டி எழுந்த குடியிருப்பு இது. கிழக்கேகோட்டையும் பத்மநாபசுவாமி கோயிலும் இங்கிருந்து நடந்து போகும் தூரம். கோட்டைப் பகுதியிலும் கரமனை, வலியசாலைப் பக்கத்திலும் உள்ள அக்ரஹாரங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. படியிறங்கினால் தெரு. கார் நிறுத்துவதற்கென்று ஓர் இடம் அந்த வீடுகளின் அமைப்பிலேயே கிடையாது. நடப்பவரையும் உற்சவத்தையும் மனத்தில் வைத்து அளந்த தெருக்கள் அவை.

அவையோர் முன் வைக்கப்படும் கருத்து ஒன்றே. காரின் பருமனால் வரும் நன்மை உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் போகிறது. அதே பருமனால் வரும் செலவு வெளியே இருப்பவர் தலையில் விழுகிறது. இடமாக, ஆபத்தாக, புகையாக விழும் அந்தச் செலவை வண்டி வாங்குபவரின் கணக்கில் முறையாகச் சேர்க்கும் ஏற்பாடு இன்றைய வரியிலும் இல்லை, விதிகளிலும் இல்லை, நகரத்தின் கட்டணங்களிலும் இல்லை. சேர்க்க வேண்டும் என்பதும், அதற்கான அளவுகோல் வண்டியின் விலையைவிட அதன் அளவும் எடையுமாக இருக்க வேண்டும் என்பதும் பின்வரும் பகுதிகளில் விளக்கப்படுகின்றன.

1. பெரிய வண்டி இந்நாட்டுக்குப் புதிதல்ல. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலேயே மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இங்கே பொருத்தி விற்கத் தொடங்கிவிட்டது. டாடா சுமோ 1994இலும், டொயோட்டா குவாலிஸ் 2000இலும், மஹிந்திரா ஸ்கார்ப்பியோ 2002இலும் வந்தன. இவற்றில் பலவும் ஆள் ஏற்றும் வண்டிகளாகவே வாழ்ந்தன. கம்பம், போடி பக்கத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகளில் தமிழ்த் தொழிலாளிகள், அதிலும் பெண்கள், நெருக்கியடித்து உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். பத்துப் பேர் போகும் ஜீப் சாலையில் எடுக்கும் இடத்தைப் பத்தால் வகுத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய வண்டி. இங்கே பேசப்படுவது அதுவன்று. ஏழு இருக்கையும் இரண்டு டன் எடையும் கொண்டு, பெரும்பாலான நகரப் பயணங்களில் ஒருவரையோ இருவரையோ சுமந்து போகும் சொந்த வண்டியே இவ்வுரையின் பொருள்.

அந்த வகை பெருகத் தொடங்கியது 2012, 2013 ஆண்டுகளை ஒட்டி. இதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்குண்டு. ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் 2012இலும், மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013இலும், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஹூண்டாய் ஆலையின் கிரெட்டா 2015இலும் சந்தைக்கு வந்தன. இவற்றில் எக்கோஸ்போர்ட்டைத் தனியே கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் சிறிய எஞ்சினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்திருந்தது. சிறிய காரை ஊக்குவிப்பதே அதன் நோக்கம். ஆனால் உருவத்தை அளக்க அச்சலுகை எடுத்துக்கொண்டது நீளம் ஒன்றை மட்டும். அகலத்துக்கும் உயரத்துக்கும் எடைக்கும் வரம்பு வைக்கவில்லை. நீளத்தை நான்கு மீட்டருக்குள் அடக்கி, மற்ற மூன்றையும் வளரவிட்ட எஸ்யூவி இந்த இடைவெளியில் பிறந்தது. எக்கோஸ்போர்ட் காட்டிய வழியில் 2016இல் விட்டாரா பிரெஸ்ஸாவும், 2017இல் நெக்ஸானும், 2019இல் வென்யூவும் வந்தன. நெக்ஸானின் நீளம் 3,995 மில்லிமீட்டர். அகலம் 1,804 மில்லிமீட்டர். சிறிய காருக்கென்று வைத்த சலுகை இப்படித்தான் பெரிய காருக்குத் தொட்டிலாயிற்று. அளவுகோல் தவறாக அமைந்தால் நல்ல நோக்கமுள்ள வரியும் எதிர்த்திசையில் வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2. முதல் செலவு இடம். இதை எண்களால் பார்ப்பதே நேர்மை.

மாருதி 800இன் அகலம் 1.44 மீட்டர். ஸ்கார்ப்பியோ-என் வண்டியின் அகலம் 1.92 மீட்டர். இரண்டிலும் பக்கக் கண்ணாடிகள் சேரவில்லை. ஐந்து மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். இருபுறமும் ஒவ்வொரு மாருதி 800 நின்றால் நடுவில் 2.12 மீட்டர் மிஞ்சும். ஆட்டோ ரிக்ஷாவின் அகலம் ஏறத்தாழ 1.3 மீட்டர், அது தாராளமாகப் போகும். ஒன்றரை மீட்டருக்குச் சற்றே குறைந்த அகலமுள்ள ஈக்கோ வகை ஆம்புலன்ஸ் வேனும் போகும். அதே தெருவில் இருபுறமும் ஒவ்வொரு ஸ்கார்ப்பியோ-என் நின்றால் மிஞ்சுவது 1.16 மீட்டர். ஆட்டோவுக்கு வழியில்லை, ஆம்புலன்ஸுக்கும் வழியில்லை. தெரு அங்கேயே இருக்கிறது. வீடுகளின் எண்ணிக்கையும் கார்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. காரின் உருவம் மட்டும் மாறியதால் தெரு அடைபட்டுவிட்டது. முதியவர் மிகுந்த ஒரு பகுதியில் ஆம்புலன்ஸ் தெருமுனையில் நிற்க வேண்டி வருவதன் பொருளை அவையோருக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்தும் பரப்பும் இவ்வாறே. ஆல்ட்டோ ஏறத்தாழ 5.1 சதுர மீட்டர் தரையை மூடுகிறது; ஃபார்ச்சூனர் 8.9 சதுர மீட்டரை. ஏழு ஆல்ட்டோ நிற்கும் பரப்பில் நான்கு ஃபார்ச்சூனர்தான் நிற்கும்.

அம்பாசடரும் பெரிய காராகத்தானே இருந்தது என்ற கேள்வி இங்கே நியாயமாக எழும். இருந்தது. அதன் நீளம் 4.3 மீட்டர், அகலம் 1.66 மீட்டர். ஆனால் அந்நாளில் ஒரு தெருவில் ஓரிரு வீடுகளில்தான் கார் இருந்தது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு வீட்டில் கார் உள்ளது. அகில இந்திய அளவில் அது 7.5 சதவீதம். அரிதாக இருந்தபோது பொறுத்துக்கொள்ள முடிந்த அகலம், பரவலாகும்போது தாங்க முடியாததாகிறது. சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கில் பதிவான மாநிலத்தில், வாகனப் பதிவு ஒன்றரைக் கோடியைக் கடந்துவிட்ட மாநிலத்தில், ஒவ்வொரு காரும் கூட்டும் அரை மீட்டர் யாரோ ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டதே.

யாரிடமிருந்து என்பதும் தெளிவு. தெருவை வண்டிக்கு மட்டுமாக இந்த நகரம் ஒருநாளும் எண்ணியதில்லை. ஆற்றுக்கால் பொங்காலை நாளில் மணக்காடு, அட்டக்குளங்கரை, கிழக்கேகோட்டை என்று சாலைகள் முழுவதும் பெண்கள் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டுகிறார்கள். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாக கின்னஸ் பதிவு செய்தது. பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழியில் விமான நிலைய ஓடுபாதையையே கடக்கிறது. அதற்காக ஆண்டுக்கு இருமுறை விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. விமானமே வழிவிடும் ஊரில், மற்ற நாட்களில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளையும் கோயிலுக்குப் போகும் பாட்டியும் நிறுத்திவைத்த வண்டியைச் சுற்றிச் சாலையின் நடுவே இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. இட இழப்பு முதலில் தொடுவது இவர்களைத்தான். வீட்டுக்குள் வண்டி நிறுத்த வசதியுள்ளவருக்கு அது தெரிவதே இல்லை.

3. இரண்டாம் செலவு உயிர். இதுவே மிகக் கனமானது.

இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 75,000 பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள். கேரளத்தில் ஆண்டுக்கு நாலாயிரம் அளவில் உயிர்கள் போகின்றன. ஆக, இந்தியச் சாலையில் இறப்பவர்களில் பெரும்பாலோர் காருக்குள் இருப்பவர்கள் அல்லர். காரின் வடிவம் இவர்களை எப்படித் தாக்குகிறது என்பதே முதன்மைக் கேள்வி.

தாழ்ந்த, சரிந்த முன்பகுதியுள்ள கார் ஒருவர்மீது மோதும்போது பெரும்பாலும் காலில் அடிக்கிறது. அடிபட்டவர் பானெட்டின் மேல் சாய்கிறார். உயர்ந்து செங்குத்தாக நிற்கும் முன்பகுதி வயிற்றிலும் மார்பிலும் அடிக்கிறது, குழந்தையானால் தலையில். அடிபட்டவர் மேலே விழாமல் முன்னே தள்ளப்பட்டுச் சக்கரத்துக்கு அடியில் போகும் ஆபத்தும் கூடுகிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் 17,897 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவு இது: பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமுள்ள சரிந்த முகப்பு வண்டிகளைவிட, மோதலை மரணமாக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். ஹவாய் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜஸ்டின் டின்டல் 2024இல் வெளியிட்ட ஆய்வு, முகப்பு உயரம் பத்து சென்டிமீட்டர் கூடினால் பாதசாரி இறக்கும் ஆபத்து 22 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. அமெரிக்காவில் 2009இல் சுமார் 4,100ஆக இறங்கியிருந்த பாதசாரி மரணங்கள் 2022இல் 7,500ஐத் தாண்டின. இருட்டு, வேகம், கைபேசி என்று பிற காரணங்களும் அதில் உண்டு. வண்டியின் உயரம் காரணங்களுள் ஒன்று என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

உயர்ந்த பானெட்டுக்கு நேர் முன்னால் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குப் படுவதில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். தெருவே முற்றமாக இருக்கும் பகுதிகளில் இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஆபத்தல்ல.

வண்டிக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு பொருத்தும் வழக்கம் இன்னொன்று. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று கூறி, நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் விசையை உள்வாங்க வேண்டிய முகப்பை அந்தக் கம்பி விறைப்பாக்கிவிடுகிறது. காற்றுப்பையின் வேலையையும் கெடுக்கக்கூடும்.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டத்தில் கார்களுக்கு ஐந்து நட்சத்திரம்வரை வழங்கப்படுகிறது. நட்சத்திரத்துக்கான மதிப்பெண் உள்ளே இருக்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் காப்பதற்கானது. விளம்பரங்களில் ஐந்து நட்சத்திரம் என்று பெரிதாக அச்சிடும்போது, வெளியே நிற்பவருக்கு அந்த வண்டி எத்தனை நட்சத்திரம் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

4. பாதுகாப்புக்காகத்தான் பெரிய வண்டி என்று வாங்குபவர் சொல்வதில் பொய் இல்லை. இரு கார்கள் மோதும்போது எடை கூடியதில் இருப்பவருக்கு அடி குறைவு, இது இயற்பியல். குறையும் அந்த அடி காற்றில் கரைந்து போவதில்லை. எதிரே வந்த சிறிய காரில் இருந்தவருக்கு மாறிப் போகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஆண்டர்சனும் மாக்ஸிமிலியன் ஆஃப்ஹாமரும் 2014இல் இதை அளந்தனர். ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ, கூடுதல் எடையுள்ள வண்டி மோதினால் எதிர் வண்டியில் மரணம் நேரும் வாய்ப்பு 47 சதவீதம் உயர்கிறது. அவர்களுக்கு முன்பே, 2004இல், பொருளியலாளர் மிஷெல் வைட் இதை ஆயுதப் போட்டிக்கு ஒப்பிட்டு ஆராய்ந்திருந்தார். பெரிய வண்டியில் இருப்பவர்கள் தவிர்க்கும் ஒவ்வோர் உயிர்ச்சேத விபத்துக்கும் ஈடாக, மற்றவர்களுக்குக் குறைந்தது 4.3 உயிர்ச்சேத விபத்துகள் கூடுகின்றன என்பது அவர் கண்ட முடிவு.

போட்டியின் இயல்பு இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர் பெரிய வண்டி வாங்கிவிட்டால், சிறிய காரில் மனைவி மக்களை ஏற்றிப் போவதற்கு நமக்கே பயம் வருகிறது. அடுத்த முறை நாமும் பெரியதாகவே வாங்குகிறோம். எல்லோரும் வாங்கிய பின் யாருக்கும் ஒப்பீட்டு நன்மை மிஞ்சுவதில்லை. தெருவில் மொத்த எடை மட்டும் ஏறியிருக்கும். ஸ்கூட்டரில் போகிறவருக்கு இந்தப் போட்டியில் சேரவே வாய்ப்பில்லை. தனி மனிதரின் நியாயமான அச்சம், கூட்டாகச் சேரும்போது அநியாயமாக முடியும் இத்தகைய நிலைகளில்தான் அரசு தலையிட வேண்டும். தனி மனிதரைக் குறைகூறி இதைத் தீர்க்க முடியாது.

5. எரிபொருள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பன்னாட்டு எரிசக்தி முகமையின்படி எஸ்யூவி, சராசரி நடுத்தரக் காரைவிட 200 முதல் 300 கிலோ கூடுதல் எடையுள்ளது. உலகின் எஸ்யூவிகள் எல்லாம் சேர்ந்து 2023இல் வெளியிட்ட கரியமில வாயு 100 கோடி டன்னைத் தாண்டியது. அவற்றை ஒரு நாடாகக் கொண்டால் உமிழ்வில் உலகில் ஐந்தாம் இடம் பெறும். இந்தியாவின் எரிபொருள் சிக்கன விதிகள் ஒரு நிறுவனத்தின் கார்களின் சராசரி எடையை வைத்தே உமிழ்வு வரம்பைக் கணக்கிடுகின்றன: எடை கூடினால் வரம்பும் தளரும். கனமான வண்டி செய்பவருக்கு விதியே இடம்கொடுக்கிறது என்று இதற்குப் பொருள்.

மின்சார வண்டிகளில் முன்னணியில் உள்ள மாநிலங்களில் ஒன்று கேரளம், அது நல்லதே. ஆனால் மின்கலம் எடையைக் கூட்டும்; அகலத்தையோ பானெட்டின் உயரத்தையோ குறைக்காது. புகைக்குழாய் போவதால் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் கண்ட எதுவும் மாறுவதில்லை.

6. மக்கள் ஏன் வாங்குகிறார்கள் என்பதைப் பரிவோடு ஆராய வேண்டும். வெறும் பகட்டு என்று ஒதுக்குவது உண்மைக்குப் புறம்பு.

திருவனந்தபுரத்தில் நல்ல மழை ஒரு மணி நேரம் பெய்தால் தம்பானூரும் கிழக்கேகோட்டைப் பக்கமும் தண்ணீரில் நிற்பது பழைய கதை. அதைத் தீர்க்க 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்களைத் திறக்கும் பெரிய வேலை நடந்தது. அதன் பின்னும் 2023இல் நகரின் பல பகுதிகள் மூழ்கின. குழியும் திடீர் வேகத்தடையும் உள்ள சாலையில் தரையிலிருந்து உயரமுள்ள வண்டி தேவை என்று ஒருவர் நினைத்தால் அது சாலை கற்றுக்கொடுத்த பாடம். பொதுப்பணி தவறிய இடத்தைத் தனிமனிதர் கடன் வாங்கி நிரப்புகிறார். அடுத்த காரணம் முதுமை. முழங்கால் வலியுள்ளவருக்குத் தாழ்ந்த காரில் குனிந்து இறங்கி உட்காருவதும், அதிலிருந்து எழுந்து வருவதும் வேதனை. இருக்கை உயரமாக இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்தே உட்காரலாம். மூத்தோர் மிகுந்த கேரளத்தில் இது சிறிய காரணமல்ல.

இந்த இரண்டாம் தேவைக்கு விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஆலையிலிருந்து வந்த சான்ட்ரோவும், 1999இல் வந்த வேகன்-ஆரும் உயரமாகக் கட்டிய சிறிய கார்கள். சான்ட்ரோவின் அகலம் ஒன்றரை மீட்டர்தான். இன்றைய வேகன்-ஆரின் நீளம் 3.66 மீட்டர், அகலம் 1.62 மீட்டர், உயரம் 1.68 மீட்டர். நிமிர்ந்து ஏறி உட்காரலாம். தெருவில் குறைந்த இடத்தில் நிறுத்தலாம். உயர்ந்த இருக்கைக்கு அகன்ற உடலும் இரண்டு டன் எடையும் வேண்டியதில்லை. இத்தகைய வண்டிகள் பின்தள்ளப்பட்டதற்குப் பொறியியலில் காரணம் தேடினால் கிடைக்காது. பெரிய வண்டியில் ஒவ்வொன்றுக்கும் லாபம் கூடுதல் என்பதால் விளம்பரமும் கடன் வசதியும் அந்தப் பக்கம் சாய்ந்தன.

பகட்டுக்கும் பங்கில்லாமல் இல்லை. திருமணத்தில் பெண் வீட்டார் கார் கொடுப்பது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஊரறிந்த வழக்கமாகிவிட்டது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இதையும் தடுக்கிறது என்பதை யாரும் நினைவுகூர்வதில்லை. காரின் அளவு மதிப்பின் அளவாகும்போது அந்தச் சுமை முதலில் ஏறுவது பெண்ணைப் பெற்றவர் தோளில். இதைச் சாலைப் போக்குவரத்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும்.

7. அரசு இதைப் பார்க்காமல் இருந்ததில்லை. 2013 பிப்ரவரியில் பட்ஜெட் தாக்கல் செய்த நிதியமைச்சர் ப. சிதம்பரம், எஸ்யூவிகள் சாலையிலும் நிறுத்துமிடத்திலும் கூடுதல் இடம் எடுப்பதால் கூடுதல் வரி செலுத்த வேண்டும் என்ற காரணத்தை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக வைத்து, கலால் வரியை 27இலிருந்து 30 சதவீதமாக உயர்த்தினார். வாடகைக் கார்களாகப் பதிவானவற்றுக்கு விலக்கும் கொடுத்தார். பலர் பயணம் செய்யும் வண்டியையும் சொந்த வண்டியையும் பிரித்துப் பார்த்த அந்த விலக்கு, கொள்கை அளவில் மிகச் சரியானது. இடத்துக்கு விலை உண்டு என்று இந்திய வரி வரலாற்றில் தெளிவாக ஒப்புக்கொண்ட தருணம் அது.

பின்வந்த ஏற்பாடு அந்தத் தெளிவைக் காக்கவில்லை. ஜிஎஸ்டியில் எஸ்யூவி என்றால் நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சிசிக்கு மேல் எஞ்சின், 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தரை இடைவெளி என்ற நிபந்தனைகள் எல்லாம் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்றாயிற்று. ஒன்றைத் தவிர்த்தால் உச்ச வரியிலிருந்து தப்பலாம். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் மாறின: நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம். செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் கட்டிவந்த பெரிய எஸ்யூவிக்கு வரி பத்துப் புள்ளி இறங்கியது. சிறிய காருக்கு இறங்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் நான்கு மீட்டர் என்ற அதே பழைய கோடு நீடிக்கிறது, 1.8 மீட்டர் அகல வண்டியும் ஒன்றரை மீட்டர் அகல வண்டியும் ஒரே 18 சதவீதத்தில் நிற்கின்றன.

8. பிற நாடுகள் அளவையும் எடையையும் நேரடியாகவே எடுத்துக்கொண்டுள்ளன. பாரிஸில் 2024 பிப்ரவரி 4 அன்று நடந்த வாக்கெடுப்பில் 54 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கனமான கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்க ஒப்பினர். வாக்களிக்க வந்தவர்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் முதல், 1.6 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கும் இரண்டு டன்னும் அதற்கு மேலும் உள்ள மின்சாரக் கார்களுக்கும் நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ. அந்தப் பகுதியில் வசிப்போருக்கு இது பொருந்தாது. வெளியிலிருந்து வருவோருக்கு மட்டும். பிரான்ஸ் நாடு 2022 முதல் புதிய கார்களுக்கு எடை வரி விதிக்கிறது.

இந்தக் கோணத்தில் கற்றுக்கொள்ள மிகுதியாக உள்ள நாடு ஜப்பான். ‘கேய்’ எனப்படும் சிறிய கார்களுக்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி என்று வரம்புகள் அங்கே உண்டு. அகலத்துக்கு வரம்பு வைத்ததுதான் நம் நான்கு மீட்டர் விதிக்கும் அதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. நகரங்களில் கார் பதிவு செய்யத் தெருவுக்கு வெளியே நிறுத்துமிடம் இருப்பதற்கான சான்று வேண்டும் என்ற சட்டமும் 1962 முதல் இருக்கிறது. இந்தியாவிலும் இதே யோசனையை 2016 டிசம்பரில் அன்றைய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சர் வெங்கையா நாயுடு அறிவித்தார். அது நாடு முழுவதற்குமான விதியாகவில்லை.

9. கேரளத்துக்கும் இந்த நகரத்துக்கும் இயலக்கூடியவை எவை என்பது கடைசிப் பகுதி. ஜிஎஸ்டி மாநிலத்தின் கையில் மட்டும் இல்லை. வாகன வரி மாநிலப் பட்டியலில் உள்ளது. நிறுத்துமிடங்களை வரையறுக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்பைக் கலந்து செயல்படும்படி மாநிலத்துக்கே கொடுக்கிறது. சாலையோர நிறுத்தக் கட்டணத்தை வண்டி மூடும் பரப்புக்கு ஏற்ப வாங்குவதும், கோட்டைப் பகுதி போன்ற பழைய குடியிருப்புகளில் தெருவின் ஒருபுறம் மட்டும் நிறுத்த அனுமதித்து மறுபுறத்தை நடப்பவருக்கு விடுவதும் இந்த அதிகாரத்துக்குள் அடங்கும். எந்தத் தெருவில் எவ்வளவு அகலம் காலியாக இருந்தாக வேண்டும் என்று முதலில் அளந்து அறிவிக்க வேண்டும். அளப்பதற்கு வெளியே போக வேண்டியதில்லை. 1976இல் தொடங்கிய தேசியப் போக்குவரத்துத் திட்டமிடல், ஆய்வு மையமான நாட்பாக் இந்த நகரத்திலேயே இருக்கிறது. நிறுத்தக் கட்டணமாக வரும் பணம் பேருந்துக்கும் நடைபாதைக்கும் வடிகாலுக்கும் போனால் ஆறாம் பகுதியில் சொன்ன காரணங்களில் ஒன்று தானே வலுவிழக்கும். கேஎஸ்ஆர்டிசி 2021 நவம்பரில் தொடங்கிய சிட்டி சர்க்குலர் பேருந்துகள் குறைந்த கட்டணத்தில் நகரைச் சுற்றி வந்து, நல்ல பேருந்து இருந்தால் மக்கள் ஏறுவார்கள் என்பதைக் காட்டிவிட்டன.

வாகன வரியில் செய்ய வேண்டிய மாற்றம் இன்னும் எளிது. புதிய தனியார் காருக்குக் கேரளம் விதிக்கும் ஒருமுறை வரி விலையைப் பொறுத்தது; விலை ஏறினால் விகிதமும் ஏறும். விலை என்பது தோல் இருக்கைக்கும் பாட்டுப் பெட்டிக்கும் சேர்த்து வருவது. தெருவில் வண்டி அடைக்கும் இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சரக்கு வண்டிகளுக்கு மாநிலம் எடையை வைத்தே வரி வாங்குகிறது. பதினைந்து ஆண்டு கடந்த தனியார் கார்களுக்குப் புதுப்பிப்பின்போது விதிக்கும் ஐந்தாண்டு வரியிலும் 750 கிலோ வரை, 750 முதல் 1,500 வரை, 1,500 கிலோவுக்கு மேல் என்று எடைவாரியான மூன்று படிகள் ஏற்கெனவே உள்ளன. ஒவ்வொரு காரின் பதிவுச் சான்றிதழிலும் சுமையற்ற எடை கிலோவில் அச்சாகியிருக்கிறது. பழைய காருக்கு வைத்திருக்கும் அந்தப் படிகளைப் புதிய காரின் முதல் வரியிலும் விலையோடு சேர்த்துக் கொண்டுவருவதற்குப் புதிய அளவீடோ புதிய அலுவலகமோ தேவையில்லை. சட்டமன்றம் ஏற்கும் ஓர் அட்டவணைத் திருத்தம் போதும்.